பீமிஷ் போய் வந்தோம். நம் தோட்டத்துக்கும் இப்படி ஓர் இடம் வேண்டாமா?

லயத்துவாசல் (சுங்கை சிப்புட்) · ஞாயிறு, இரவு 9.12

மகனின் பட்டமளிப்பு விழாவுக்காக அம்மாவையும் கூட்டிக்கொண்டு இங்கிலாந்தின் நியூகாசல் போயிருந்தோம். விழா முடிந்து ஒரு நாள் மிச்சம் இருந்தது. நான் கடைத்தெருவுக்குப் போகலாம் என்றேன். மகன், "பாட்டி பார்க்க வேண்டிய இடம் ஒன்று பக்கத்தில் இருக்கிறது" என்று பீமிஷுக்கு அழைத்துப் போனான். டர்ஹாம் மாவட்டத்தில், ஸ்டான்லி என்ற ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் திறந்தவெளி அருங்காட்சியகம் அது. அம்மா பதினைந்து வயதிலிருந்து இங்கே மலேசியாவில், ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர் (பட்டையைச் சீவிப் பால் எடுத்தவர்) என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அது தெரிந்தால்தான் மற்றது புரியும்.

கண்ணாடிப் பெட்டிக்குள் சாமானை வைத்து 'தொடாதே' என்று எழுதி வைத்த இடமில்லை அது. ஏறக்குறைய 350 ஏக்கர் நிலம். 1820களின் பண்ணை, 1900களின் நிலக்கரிச் சுரங்கக் கிராமம், அதே காலத்துக் கடைத்தெரு, 1940களின் போர்க்காலப் பண்ணை, 1950களின் ஊர் என்று தனித்தனியாக இருக்கின்றன. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பழைய டிராமில் ஏறிப் போகலாம். கட்டடங்களில் பல, வேறு ஊர்களில் இடிபட இருந்தவை. பிரித்துக் கொண்டுவந்து இங்கே திரும்பக் கட்டியிருக்கிறார்கள்.

மகன் எங்களை நேராகச் சுரங்கக் கிராமத்துக்குத்தான் கூட்டிப் போனான். ஹெட்டன் என்ற இடத்திலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்த ஒரு வரிசை வீடுகள், சுவரோடு சுவர் ஒட்டி நிற்கின்றன. வாசலில் நின்றதுமே அம்மா, "லயம்தானே இது" என்றார். லயம் என்றால் நம் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடு. உள்ளே கரி அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அந்தக் காலத்து உடுப்பில் ஒரு பெண் பழந்துணிக் கிழிசல்களைச் சாக்கில் குத்திக் குத்தித் தரைவிரிப்பு செய்துகொண்டிருந்தார். ஒரு வீட்டில் நல்ல மேசை நாற்காலி. இன்னொன்றில் கத்தோலிக்கக் குடும்பத்துப் படங்கள். இன்னொன்று, கணவனைச் சுரங்க விபத்தில் பறிகொடுத்த பெண்ணின் வீடு. அங்கே சாமான் சட்டு குறைவு. வெளியே ஒரே மாதிரி இருக்கும் வீடுகள், உள்ளே போனால் வேறு வேறு வாழ்க்கை.

அம்மா என்னிடம், "இந்த வீடு யாருடையது, கேளு" என்றார். கேட்டேன். கம்பெனி வீடுதான், வாடகை கிடையாது, வேலை இருக்கிற வரைக்கும் இருக்கலாம் என்றார் அந்தப் பெண். "வேலை போனா?" என்று அம்மா தமிழிலேயே கேட்டுவிட்டார். மகன் மொழிபெயர்த்தான். "வீடும் போய்விடும்" என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு அம்மா ஒரு மணி நேரம் அந்த வீட்டை விட்டு நகரவில்லை. அடுப்பு எப்படி, தண்ணீர் எங்கிருந்து, பிள்ளையை யார் பார்த்தார்கள் என்று மகனை வைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தார். அந்தப் பெண்ணும் சலிக்காமல் சொன்னார். பிறகு அவர் அம்மாவிடம் கேட்க ஆரம்பித்தார். பால் எப்படி வெட்டுவீர்கள், எத்தனை மணிக்கு எழுவீர்கள் என்று.

என் பிள்ளைகள் இந்தக் கேள்விகளை அம்மாவிடம் கேட்டதில்லை. கேட்க ஓர் இடம் அமையவில்லை என்றுதான் நினைக்கிறேன். அந்த இடம் நமக்கு வேண்டும் என்பதுதான் நான் இங்கே எழுதுவதற்குக் காரணம். சுங்கை சிப்புட்டைச் சுற்றிப் பால்மரம் போய்ச் செம்பனை (எண்ணெய்ப் பனை) வந்துவிட்டது. லயங்கள் பெரும்பாலும் இல்லை. பால் வெட்டும் உளி பிடித்த கைகள் இன்னும் இருக்கின்றன, ஆனால் எண்பதை நெருங்குகின்றன. உங்கள் எண்ணத்தைச் சொல்லுங்கள்.

---

கூலிம்_வாணி · ஞாயிறு, இரவு 9.40

அக்கா, படிக்கப் படிக்க என் பாட்டி ஞாபகம். ஒரு நடைமுறைக் கேள்வி. அடுத்த வருடம் அண்ணனைப் பார்க்க அந்தப் பக்கம் போகிறோம். வயதானவர்களால் நடக்க முடியுமா? சாப்பாட்டுக்கு என்ன செய்தீர்கள்?

---

லயத்துவாசல் · ஞாயிறு, இரவு 10.05

வாணி, நடை அதிகம்தான். இடம் பெரியது, மேடு பள்ளமும் உண்டு. ஆனால் டிராமும் பழைய பஸ்ஸும் சுற்றிக்கொண்டே இருக்கின்றன, ஏறி இறங்கலாம். முழு நாள் ஒதுக்குங்கள். சுரங்கத்துக்குள் கூட்டிப் போகிறார்கள், தலைக்கவசம் தருவார்கள். ஆனால் கூரை மிகவும் தாழ்வு, குனிந்தே போக வேண்டும். முதுகு வலி உள்ளவர்கள் வெளியே நிற்பது நல்லது. அம்மா போகவில்லை, நான் போனேன். அந்த உயரத்தில் ஒரு மனிதன் படுத்தபடி நாள் முழுக்கக் கரி வெட்டியதை நினைத்தால் நெஞ்சு அடைக்கிறது.

சாப்பாடு விஷயத்தில் கவனம். சுரங்கக் கிராமத்தில் கரி அடுப்பில் மீனும் உருளைக்கிழங்கும் பொரித்துத் தருகிற கடைக்கு எப்போதும் நீண்ட வரிசை. வாசனை இழுக்கும். ஆனால் அந்தக் காலத்து முறைப்படி மாட்டுக் கொழுப்பில்தான் பொரிக்கிறார்கள். மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் கேட்டுவிட்டு வாங்குங்கள். நாங்கள் வீட்டிலிருந்து புளிச்சாதம் கட்டிப் போயிருந்தோம், வெளியே பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டோம். கோடை மாதத்திலும் குளிர்காற்று அடிக்கும், பாட்டிக்குக் கம்பளி எடுத்துக்கொள்ளுங்கள்.

---

செம்பனை78 (தெலுக் இந்தான்) · திங்கள், காலை 7.20

நல்ல இழை. நம் நாட்டில் இந்த வகை இடம் இல்லாமல் இல்லை. மலாக்கா ஆயர் குரோவில் 1986இல் மினி மலேசியாவைத் திறந்தார்கள், மாநிலத்துக்கு ஒரு வீடு. சரவாக்கில் சந்துபோங் மலை அடிவாரத்தில் கலாசாரக் கிராமம் இருக்கிறது. ஈபான் நீளவீடு, பிடாயூ வீடு, மெலனாவ் உயரவீடு, சீனர் பண்ணை வீடு எல்லாம் உண்டு, ஒவ்வொன்றிலும் ஆட்கள் வேலை செய்துகொண்டிருப்பார்கள். நான் போனபோது ஒரு பெரியவர் சாகோ மாவில் பலகாரம் சுட்டுக் கொடுத்தார், இன்றைக்கும் ருசி நாக்கில் இருக்கிறது.

நம் பேராக்கிலேயே பாருங்கள். தஞ்சோங் துவாலாங்கில் ஈயம் தோண்டிய கப்பல் நிற்கிறது. 1938இல் கட்டியது, 4,500 டன் எடை, உள்ளே ஏறிப் பார்க்கலாம். ஈயத்துக்கு அது இருக்கிறது. பால்மரத்துக்கு என்ன இருக்கிறது? கோலகங்சாரில் மாவட்ட அலுவலகம் பக்கத்தில் ஒரு கிழமரம், வேலி போட்டு வைத்திருக்கிறார்கள். 1877இல் வந்த கன்றுகளில் ஒன்று. அந்த மரங்களில் பால் வெட்டியவர்களைப் பற்றி ஓர் இடம் வேண்டாமா?

---

பெரட்டுமணி (சுங்கை சிப்புட்) · திங்கள், மாலை 5.30

பேத்தி டைப் செய்து தருகிறாள். நான் முப்பது வருடத்துக்கு மேல் மரம் வெட்டினவன், கடைசியில் மண்டோராக (மேற்பார்வையாளராக) இருந்தேன். இடம் அமைக்கிறவர்கள் ஒன்றை மனதில் வைக்க வேண்டும். பத்து மணிக்குப் பசியாறிவிட்டு பஸ்ஸில் வருகிற ஆளுக்குப் பால்மரம் பால் தராது.

ராத்திரிக் குளிரில் மரம் தண்ணீர் பிடித்து, பட்டைக்குள் அழுத்தம் ஏறி நிற்கும். அந்த நேரத்தில் சீவினால் பால் கோட்டோடு ஓடி மங்கில் (பால் கிண்ணத்தில்) விழும். வெயில் ஏற ஏற இலை வழியாகத் தண்ணீர் போய்விடும், அழுத்தம் இறங்கிவிடும், ஓட்டம் சுருங்கிவிடும். அதனால்தான் இருட்டோடு பெரட்டு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுப்பு. பெயர் கூப்பிட்டு, நிரை (அவரவர் வெட்டும் மர வரிசை) பிரித்து, விடியுமுன்னே முதல் மரத்தில் உளி படணும். மழை பேஞ்சு பட்டை நனைஞ்சா வெட்டு இல்லை. பால் கோட்டை விட்டு வழிந்து பட்டை முழுக்கப் பரவிவிடும். வெட்டு இல்லாத நாளுக்குக் கூலியும் அடிபடும். மரத்துக்கு இலை உதிர்கிற பருவத்தில் பால் குறையும். அந்த மாதங்களில் எங்கள் கடைக் கணக்கு ஏறும்.

வெட்டும் சும்மா இல்லை. ஒரு வெட்டுக்குப் பட்டை ஒன்றரை மில்லிமீட்டர் போனால் போதும். ஆழம் பத்தாவிட்டால் பால் வராது. ஆழம் கூடினால் உள்மரத்தில் காயம் பட்டுப் புதுப்பட்டை முடிச்சு முடிச்சாக வரும். சில வருடம் கழித்து அதே பக்கத்துக்குத் திரும்பி வரும்போது உளி ஓடாது. கோடு இடது பக்கம் மேலே, வலது பக்கம் கீழே. ஏன் என்று ஒரு கிராணி (தோட்டத்துக் கணக்கர்) எனக்குச் சொல்லிக் கொடுத்தார். பட்டைக்குள் பால் குழாய்கள் நேராக ஏறுவதில்லையாம், வலது பக்கம் கொஞ்சம் சாய்ந்து ஏறுமாம். இந்தச் சரிவில் வெட்டினால் அதிகக் குழாய் அறுபடும். எங்களுக்குக் காரணம் தெரியாது, கை தெரிந்து வைத்திருந்தது.

அப்புறம் பால் எடுப்பு, தோளில் காண்டாக் கம்பு, அதில் இரண்டு வாளி, ஸ்டோருக்கு நடை. அங்கே கிராணி மெட்ரோலாக் என்ற அளவுக் கருவியை வாளியில் மிதக்க விட்டுத் தண்ணீர் எவ்வளவு, பால் எவ்வளவு என்று பார்ப்பார். அந்த ஒரு நிமிடத்தில்தான் ஒரு நாள் உழைப்பின் கணக்கு. ஒரு வீடு கட்டி உள்ளே பாயைப் போட்டு வைத்துவிட்டு 'தோட்டம்' என்று பெயர்ப்பலகை மாட்டினால் போதாது என்பதற்காகத்தான் இவ்வளவும் சொல்கிறேன்.

---

கூலிம்_வாணி · திங்கள், மாலை 6.02

ஐயா, இதை அப்படியே ஒருவர் வீடியோ எடுக்க வேண்டும்.

---

பாசாக்மகன் (கிள்ளான்) · திங்கள், இரவு 10.48

நான் எதிர்க் கருத்து சொல்கிறேன், கோபிக்காதீர்கள். என் அம்மாவிடம் இந்த இழையை வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, "அதை எதுக்குக் கிளறுறாங்க, விட்டு வந்ததே பெரிய பாடு" என்றார். அவருடைய மூத்த பிள்ளை ஆயாக் கொட்டாயில் (தோட்டத்துப் பிள்ளைக் காப்பகத்தில்) காய்ச்சல் வந்து இறந்தது. அவர் நிரையில் இருந்தார், சொல்லி அனுப்ப ஆள் இல்லை. அந்த ஆயாக் கொட்டாயைப் புதுப்பித்து வர்ணம் அடித்து, தொட்டில் கட்டி, டிக்கெட் போட்டு, நாலு பேர் செல்ஃபி எடுத்துப் போவதை என்னால் பார்க்க முடியாது. தாத்தா பாட்டியின் கஷ்டம் சுற்றுலாப் பொருள் ஆகக்கூடாது. இங்கிலாந்துக்காரனுக்குச் சரி. அவன் சொந்த மண்ணில் சொந்தக் கதையைச் சொல்கிறான். நம் லயத்தை நாம் கட்டவில்லை, நமக்குச் சொந்தமும் இல்லை.

---

லயத்துவாசல் · செவ்வாய், காலை 6.15

தம்பி, உங்கள் அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அவர் சொன்னதைப் படித்த பிறகு நேற்று தூக்கம் வரவில்லை.

அந்தச் சுரங்க வீடுகளும் அங்கே வாழ்ந்தவர்கள் கட்டியவை அல்ல. கம்பெனி கட்டியவை. அந்த மாவட்டத்தில் சுரங்கத் தொழிலாளியை ஆண்டு ஒப்பந்தத்தில் கட்டிப் போட்டிருந்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் சிலுவைக் குறி போட்டார்கள், மீறினால் சிறை. 1872இல்தான் அது ஒழிந்தது. 1844இல் பெரிய வேலைநிறுத்தம் நடந்தபோது குடும்பம் குடும்பமாக வீட்டை விட்டு வெளியேற்றினார்கள். நம் கதையும் அவர்கள் கதையும் ஒன்று என்று சொல்ல மாட்டேன். நாம் கடல் தாண்டி வந்தோம், நிறமும் ஆட்சியும் வேறு. ஆனால் 'அவனுக்குச் சரி' என்று தள்ளிவிடும் அளவுக்கு அவர்கள் வாழ்வு சுகமாக இருக்கவில்லை. அந்த மக்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்று அங்கே நின்று கதை சொல்கிறார்கள். எங்களிடம் பேசிய பெண் தன் தாத்தா சுரங்கத்தில் இருந்தவர் என்றார்.

ஆயாக் கொட்டாய் பற்றி நீங்கள் சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை. அதை எப்படிக் காட்டுவது, காட்டவே கூடாதா என்பதை உங்கள் அம்மா மாதிரி உள்ளவர்கள்தான் தீர்மானிக்க வேண்டும்.

---

வரலாற்று_வகுப்பு (ஈப்போ) · செவ்வாய், மாலை 4.10

இடைநிலைப்பள்ளியில் வரலாறு கற்பிக்கிறேன். இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது.

இந்த வகை அருங்காட்சியகம் 1891இல் சுவீடனில் ஸ்டாக்ஹோமில் தொடங்கியது. ஸ்கான்சென் என்று பெயர், ஆர்டர் ஹசேலியஸ் அமைத்தது. தொழிற்சாலைகள் பெருகிக் கிராம வாழ்க்கை மறைந்துகொண்டிருந்த நேரம். வீடுகளைப் பெயர்த்துக் கொண்டுவந்து, அவற்றில் ஆட்களை வேலை செய்ய வைத்தார். அழகான பக்கத்தை மட்டும் காட்டும் ஆபத்து அன்றிலிருந்தே இந்த வகை இடங்களைத் தொடர்கிறது. உழவு, நூற்பு, பாட்டு, பலகாரம். கடனும் நோயும் உள்ளே வராது.

எதிர்ப்பக்கம் போனவர்களும் உண்டு. அமெரிக்காவில் கொலோனியல் வில்லியம்ஸ்பர்க் என்ற பழைய ஊரில் 1994இல் அடிமை ஏலத்தை நடித்துக் காட்டினார்கள். கறுப்பின அமைப்புகள் எதிர்ப்புத் தெரிவித்தன. வேதனையை வேடிக்கை ஆக்குகிறார்கள் என்றார்கள். பாசாக்மகன் சொன்ன அதே வாதம். அதைத் திட்டமிட்டு நடத்தியவரே ஒரு கறுப்பினப் பெண்தான். மறைத்தால்தான் அவமானம் என்பது அவர் தரப்பு.

நான் சாய்வது பிளிமத் என்ற அருங்காட்சியகத்தின் பக்கம். அதுவும் அமெரிக்காவில்தான். ஆங்கிலேயர் குடியேற்றக் கிராமத்தில் ஆட்கள் 1627இல் வாழ்கிறவர்களாகவே நடித்துப் பேசுவார்கள். ஆனால் அருகில் இருக்கும் வாம்பனோவாக் பழங்குடி மக்களின் இடத்தில் அப்படி இல்லை. அங்கே நிற்பவர்கள் பழங்குடி மக்களே. பழைய உடை, பழைய வேலை, ஆனால் பேசுவது இன்றைய மனிதராக. 'எங்கள் முன்னோர் இப்படிச் செய்தார்கள், பிறகு எங்களுக்கு இது நடந்தது' என்று சொல்லலாம், கோபப்படவும் செய்யலாம். தோட்டத்துக்கு இதுதான் பொருந்தும். ஒருவருக்குக் கங்காணி (ஊரிலிருந்து ஆள் கூட்டிவந்து வேலை வாங்கியவர்) வேடம் போட்டுப் பிரம்பைக் கையில் கொடுக்க வேண்டாம். கங்காணி யார், அவர் கூட்டிவந்த ஆள் வேலைக்கு இறங்குகிற ஒவ்வொரு நாளுக்கும் அவருக்குத் தலைக்காசு எப்படிப் போனது, வந்த ஆள் ஏன் அவரிடமே கடன்பட்டு நின்றார் என்பதைச் சொல்ல ஒரு மேசையும் ஒரு பழைய கணக்குப் புத்தகமும் போதும். ஒப்பந்தக் கூலி முறை 1910இல் முடிந்தது, கங்காணி வழியாக ஆள் எடுப்பது தொடர்ந்தது, 1938இல் இந்திய அரசு தடை போட்ட பிறகுதான் நின்றது. என் மாணவர்களில் பலருக்குத் தங்கள் கொள்ளுத்தாத்தா இந்த இரண்டில் எதில் வந்தார் என்று தெரியாது.

---

எல்பில்பக்கம் (சுங்கை சிப்புட்) · செவ்வாய், இரவு 8.33

நம் ஊரில் வைத்தால் அவசரகாலத்தை விட்டுவிட முடியாது. 1948 ஜூன் 16 காலையில் இங்கே எல்பில் தோட்டத்திலும் பின் சூன் தோட்டத்திலும் மூன்று வெள்ளைத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதை ஒட்டித்தான் அவசரகாலம் வந்தது, 1960 வரைக்கும் நீடித்தது. புத்தகங்கள் துரைமாரோடு நின்றுவிடும். லயத்தில் இருந்தவர்கள் என்ன ஆனார்கள்? பல தோட்டங்களில் சிதறிக் கிடந்த லயங்களை ஒரே இடத்துக்கு மாற்றி முள்கம்பி அடித்தார்கள். பாட்டி சொல்வார், காலையில் வாசலில் பையைச் சோதித்த பிறகுதான் வெட்டுக்குப் போகணும், சோறு கொண்டுபோனால் யாருக்கு என்று கேட்பார்கள், காட்டுக்காரன் (கம்யூனிஸ்ட் போராளி) ஒரு பக்கம், சிப்பாய் ஒரு பக்கம், நடுவில் நாங்கள் என்று. லயம் வைத்தால் அந்த முள்கம்பியும் இருக்கணும்.

---

தைப்பிங்_மழை · புதன், காலை 9.05

கோயிலை என்ன செய்வது? வீட்டைப் பெயர்த்து வைக்கலாம். தோட்டத்துக் காளியம்மன், முனீஸ்வரன் கோயிலைப் பார்வைக்கு வைக்க முடியாது, பூசை நடக்கணும். சென்னைக்குப் பக்கத்தில் முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா 1996இல் திறந்தது. செட்டிநாட்டு வீடு எல்லாம் பெயர்த்து வைத்திருக்கிறார்கள், நெசவும் மண்பாண்டமும் கண்ணெதிரே நடக்கும். வீடுகளை அழகாகக் காப்பாற்றியிருக்கிறார்கள். ஆனால் செட்டிநாட்டுத் தேக்கு வேறு, நம் லயத்துப் பலகை வேறு. கறையான், மழை, துத்தநாகத் தகடு. நான் மரவேலை செய்கிறவன். எதையும் பெயர்க்கும் முன் பலகை எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். பாதி இடத்தில் தூணைத் தொட்டாலே உதிரும்.

---

சின்னக்கிராணி (பீடோங்) · புதன், மதியம் 1.40

கட்டடத்திலிருந்து தொடங்க வேண்டாம் என்பது என் கருத்து. பீமிஷை அமைத்த ஃபிராங்க் அட்கின்சன் எப்படித் தொடங்கினார் என்று படித்தேன். ஐம்பதுகளில் ஸ்காண்டிநேவிய நாடுகளில் இந்த மாதிரி இடங்களைப் பார்த்துவிட்டு வந்தவர். அருங்காட்சியகம் உருவாகும் முன்பே ஊர் ஊராகப் போய்ப் பொருளைத் திரட்டினார். நீங்கள் கொடுங்கள், நாங்கள் எடுத்துக்கொள்கிறோம், இது வேண்டும் அது வேண்டாம் என்று பார்க்க மாட்டோம் என்பதுதான் அவர் கொள்கை. பிரான்ஸ்பெத் என்ற இடத்தில் ராணுவக் கொட்டகைகள் நிறைய நிறையப் பொருள் சேர்ந்துவிட்டது. 1970இல்தான் அருங்காட்சியகம் அமைப்பாக உருவானது.

நம்மிடம் என்ன இருக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். உளி, மங்கு, காண்டாக் கம்பு, தலைவிளக்கு, செக்ரோல் (வருகைப் பதிவேடு), சம்பளச் சீட்டு, ரஜூலா கப்பலில் வந்தவர்களின் தகரப் பெட்டி, தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிப் படம். என் அப்பா கிராணியாக இருந்தவர். அவர் காலமானதும் வீட்டைக் காலி செய்தபோது ஒரு அலமாரி நிறையப் பதிவேடுகளைப் பழைய பேப்பர்காரர் எடுத்துப் போக இருந்தார். அண்ணி தடுத்து எடுத்து வைத்தார். இப்படி எத்தனை வீட்டில் எத்தனை அலமாரி இருக்கும்?

இலங்கை மலையகத்தில் செய்துவிட்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். கம்பளைக்குப் பக்கத்தில் பழைய லயத்திலேயே தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் 2007இலிருந்து இருக்கிறது. ஆளும் காசும் நம்மைவிட அவர்களுக்குக் குறைவு. பொருள்கள் தொழிலாளர் வீடுகளிலிருந்து வந்தவை.

---

லயத்துவாசல் · புதன், இரவு 9.50

சின்னக்கிராணி அண்ணே, நான் சொல்ல நினைத்துத் தடுமாறியதை நீங்கள் சொல்லிவிட்டீர்கள். பொருள் முதலில், கட்டடம் பிறகு. பொருளுக்கும் முன்னால் ஆள். உளியை எப்போதும் தேடி எடுக்கலாம். அதைத் தீட்டும் விதமும், எந்தச் சத்தம் வந்தால் ஆழம் சரி என்பதும் பெரட்டுமணி ஐயா மாதிரி உள்ளவர்களோடு இருக்கிறது.

பீமிஷ் கடைத்தெருவில் ஒரு கூட்டுறவுக் கடை இருக்கிறது. ஆன்ஃபீல்டு பிளெய்ன் என்ற ஊரிலிருந்து பெயர்த்து வந்தது. மேலே கம்பியில் காசு ஓடுகிற பழைய ஏற்பாடு அப்படியே வேலை செய்கிறது, பிள்ளைகள் வாய் பிளந்து பார்க்கிறார்கள். வாங்கியதற்கு ஏற்ப இலாபத்தில் பங்கு உறுப்பினருக்கே திரும்பும் கடை அது. அங்கே நின்றபோது நம் ஊர்க்காரர், அமைச்சராக இருந்த துன் சம்பந்தன்தான் எனக்கு நினைவுக்கு வந்தார். பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற தோட்டத் துண்டாடலில் குடும்பங்கள் தெருவுக்கு வந்த காலத்தில், தொழிலாளிகள் சிறு தவணையாகப் பங்குப் பணம் கட்டித் தோட்டத்தையே வாங்கலாம் என்று 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். வாங்கியும் காட்டினார்கள். பாசாக்மகன் தம்பி, 'லயம் நமக்குச் சொந்தம் இல்லை' என்றீர்கள். சொந்தமாக்கிய ஒரு பகுதியும் நம் கதையில் உண்டு. கஷ்டத்தோடு அதையும் வைப்போம்.

---

ஜாலோங்_பையன் · வியாழன், இரவு 12.20

வயது 19. பாலிடெக்னிக் மாணவன். என் மாதிரி ஆள் வருவானா என்று பெரியவர்கள் யாரும் கேட்கவில்லை, அதனால் நானே சொல்கிறேன். வெறும் பலகை எழுத்து என்றால் வரமாட்டேன். கையில் உளி கொடுத்தால் வருவேன். பெரட்டுமணி தாத்தா சொன்ன ஒன்றரை மில்லிமீட்டரை வெட்டிப் பார்க்கணும். விடியற்காலை நாலு மணிக்கு வரச் சொன்னாலும் வருவேன். இருட்டில் நிரையில் நிற்பதுதான் உண்மையான அனுபவம், பத்து மணி பஸ் கூட்டத்துக்கு ஸ்டோரும் ரப்பர் ஷீட் உலர்த்துகிற புகைவீடும் காட்டலாமே.

---

பெரட்டுமணி · வியாழன், காலை 8.10

வா பேராண்டி. முதலில் வெட்டி முடித்த கிழமரத்தில்தான் உளி தருவேன். உயிர்மரத்தில் பழக விட்டால் மரம் ஐந்து வருடம் அழும்.

---

பாசாக்மகன் · வியாழன், இரவு 9.15

யோசித்தேன். டிக்கெட், வேடம், வர்ணம் அடித்த தொட்டில், இவற்றுக்கு நான் இன்னும் எதிர்தான். அது மாறாது. ஆனால் வரலாற்று_வகுப்பு சார் சொன்ன முறையில், வாழ்ந்தவர்கள் தங்கள் குரலில் சொல்வது வேறு. அம்மாவிடம் திரும்பக் கேட்டேன். கேமரா வேண்டாம், குரல் மட்டும் என்றால் சொல்கிறேன் என்றார். அண்ணன் இறந்ததைப் பற்றி அவராகச் சொன்னால் ஒழிய யாரும் கேட்கக் கூடாது. பதிவு எங்கள் வீட்டில்தான் இருக்கும், அவர் சம்மதித்த பகுதி மட்டும் வெளியே போகும். இதற்குச் சரி என்றால் நான் வருகிறேன்.

---

லயத்துவாசல் · வெள்ளி, காலை 6.40

முழுக்கச் சரி தம்பி. யாரிடம் பதிவு செய்தாலும் இதுவே விதி என்று வைத்துக்கொள்வோம்.

இப்போதைக்குக் கையில் இருப்பதைச் செய்வோம். லிந்தாங் பக்கம் என் மாமாவிடம் மூன்று ஏக்கர் இருக்கிறது, பால்மரம் இன்னும் நிற்கிறது, வெட்டும் நடக்கிறது. வருகிற சனிக்கிழமை அங்கே சந்திக்கலாம் என்று சம்மதித்துவிட்டார். பெரட்டுமணி ஐயாவும் அம்மாவும் வெட்டுவார்கள். ஜாலோங் தம்பி படம் எடுக்கட்டும், முகம் வேண்டாம் என்பவர்களுக்குக் கை மட்டும். சின்னக்கிராணி அண்ணே, பதிவேட்டில் ஒன்றிரண்டு கொண்டுவர முடியுமா? ஒவ்வொரு பொருளுக்கும் யாருடையது, எந்தத் தோட்டம், எந்த வருடம், எதற்குப் பயன்பட்டது என்று அங்கேயே எழுதி வைப்போம். பொருள் அவரவர் வீட்டிலேயே இருக்கட்டும், பட்டியல் மட்டும் ஒரே இடத்தில்.

---

சின்னக்கிராணி · வெள்ளி, காலை 7.25

கொண்டுவருகிறேன். பழைய தாள், மழைக்காலம், பிளாஸ்டிக் பெட்டியில் வைத்து எடுத்து வருவேன். கை ஈரத்தோடு யாரும் புரட்டக் கூடாது.

---

பெரட்டுமணி · வெள்ளி, மாலை 6.00

உளி தீட்டி வைத்துவிட்டேன். ஐந்து மணிக்கு எல்லாரும் சடக்கு (சாலை) ஓரத்தில் இருக்கணும், வீட்டுக்கு வந்து எழுப்ப மாட்டேன். நீளக்கை சட்டை போடுங்கள், கொசு தின்றுவிடும். பழைய உடுப்பாக இருக்கட்டும், பால் கறை துணியை விட்டுப் போகாது. டார்ச்சை வெட்டுக் கோட்டில் அடியுங்கள், வெட்டுகிறவர் கண்ணில் அடிக்காதீர்கள். ராத்திரி மழை பெய்து பட்டை நனைந்திருந்தால் அன்றைக்கு வெட்டு இல்லை, அடுத்த சனிக்கிழமை.